இரண்டு பேர், இரண்டு கார்: ஓட்டும் விதம் வேறானாலும் வீட்டு வண்டிகளைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ள

ஒரு நாள் விடியற்காலை நான்கரை மணிக்கு என் மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்தது. வாசலில் இரண்டு கார்கள் நின்றன. சிறிய காரில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான். நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்த மாதம் அது. மூன்று வாரமாக யாரும் அந்தக் காரைத் தொடவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது. பெரிய காரில் டீசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்தைய இரவு என் கணவர் 'காலையில போட்டுக்கலாம்' என்று அப்படியே நிறுத்திவிட்டு வந்திருந்தார். ஆம்புலன்ஸை அழைத்தோம். மாமியார் இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அது வந்து சேர்ந்த வரைக்குமான நிமிடங்களை நாங்கள் இருவரும் மறக்கவில்லை.

அதற்கு முன்பும் எங்களுக்குள் கார் பற்றி ஓயாத பேச்சு இருந்தது. அவர் நீண்ட தூரம் போகிறவர், வேகமாக ஓட்டுவார், டேங்க் காலியாகும் வரை பங்க் பக்கம் போகமாட்டார். நான் பள்ளி, அலுவலகம், கடை என்று குட்டிக் குட்டியாகப் போகிறவள். பாதிக்குக் கீழே முள் இறங்கினால் நிரப்பிவிடுவேன். யார் சொல்வது சரி என்று பேசிப் பேசியே இரண்டு வருடம் போயிற்று. கடைசியில் எங்களுக்கு உதவியது ஒரே விஷயம்: எப்படி ஓட்டுவது என்ற பேச்சை விட்டுவிட்டு, கார் வாசலில் நிற்கும்போது என்ன நிலையில் இருக்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் முடிவு செய்தோம்.

புதிதாகத் திருமணமாகி இருவருடைய கார்களும் ஒரே வாசலுக்கு வந்திருக்கலாம். இல்லை, இரண்டாவது காரை இப்போதுதான் வாங்கியிருக்கலாம். எங்களைப் போல இரண்டு வருடத்தை வீணாக்காமல் கீழே உள்ள வரிசைப்படி செய்யுங்கள்.

1. முதலில் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

எந்த விதியும் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு காரிலும் ஒரு சிறிய நோட்டும் பேனாவும். வண்டியை எடுத்தவர் தன் பெயர், தேதி, நேரம், கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் கிலோமீட்டர், எங்கே போனது, இவ்வளவு எழுதினால் போதும். எரிபொருள் போட்டால் எத்தனை லிட்டர் என்பதும். மொபைலில் எழுதுவதைவிட நோட்டு நல்லது. இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கிறோம்.

இரண்டு வாரம் என்பதற்குக் காரணம், ஒரு வாரத்தில் விடுமுறை நாள் ஓட்டம் சரியாகத் தெரியாது. எங்கள் நோட்டில் தெரிந்தது இருவரையும் வியக்க வைத்தது. சிறிய கார் கிளம்பிய தடவைகளில் பெரும்பாலானவை ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவு. 'நான் மெதுவாக ஓட்டுகிறேன், என்னால் காருக்குச் சேதமே இல்லை' என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிடும் ஓட்டம் காருக்குக் கடினமான ஓட்டம். அது ஏன் என்று 7-ஆம் படியில் சொல்கிறேன்.

இந்த இரண்டு வாரமும் ஒருவர் எழுதியதை மற்றவர் விமர்சிக்கக் கூடாது. விமர்சித்தால் எழுதுவது நின்றுவிடும்.

2. ஒவ்வொரு காருக்கும் ஒரு பொறுப்பாளர்

ஓட்டுவது இருவரும், பொறுப்பு ஒருவர். அந்தக் காரின் டயர் காற்று, ஆயில், சர்வீஸ் தேதி, இன்சூரன்ஸ் புதுப்பிப்பு எல்லாம் அவர் கையில். மற்றவர் ஏதாவது வித்தியாசமாகக் கவனித்தால் அவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் முதலில் வேறு மாதிரி பிரித்தோம். இரண்டு காரின் இயந்திர வேலைகள் அவருக்கு, இரண்டு காரின் காகித வேலைகள் எனக்கு. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அன்றாடம் சிறிய காரை ஓட்டாத அவருக்கு, அதன் பிரேக்கில் வந்த கிறீச் சத்தம் எப்படித் தெரியும்? நான் சொன்னேன், அவர் மறந்தார், நான் மறுபடி சொல்லவில்லை. அதனால் வேலையைப் பிரிக்காமல் காரைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தக் காரை யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவரே அதற்குப் பொறுப்பு. வீட்டில் ஒரே கார்தான் என்றால், அடிக்கடி வெளியூர் போகாதவர் பொறுப்பாளராக இருக்கட்டும்.

'நேரம் கிடைக்கிறவர் பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் இன்சூரன்ஸ் அப்படித்தான் நான்கு நாள் காலாவதியாக இருந்தது.

3. ஆவணங்கள்: ஒரு மாலை முழுக்க உட்காருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. எல்லாக் காகிதங்களையும் மேஜையில் பரப்பி வைத்து இருவரும் சேர்ந்து படியுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும்.

இன்சூரன்ஸிலிருந்து தொடங்குங்கள். சில நாடுகளில் பாலிசி காரோடு போகும். உரிமையாளர் அனுமதித்த, லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் செல்லும். வேறு சில இடங்களில் பாலிசியில் பெயர் இருப்பவர் ஓட்டினால்தான் செல்லும். உங்கள் பாலிசி எந்த வகை என்பதை முகவர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 'யார் ஓட்டலாம்' என்ற பகுதியை நீங்களே படியுங்கள். புரியாவிட்டால் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 'கணவன் மனைவிதானே, தானாகச் சேர்ந்திருக்கும்' என்பது பலரும் செய்யும் தவறான ஊகம்.

பாலிசியில் முதன்மை ஓட்டுநர் யார் என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். பிரீமியம் குறையும் என்பதற்காக, அனுபவம் உள்ளவர் பெயரை முதன்மை ஓட்டுநராகப் போட்டுவிட்டுப் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் தினமும் ஓட்டுவது சில வீடுகளில் நடக்கிறது. விபத்துக்குப் பிறகு அது தெரியவந்தால் இழப்பீட்டை மறுக்கலாம், பாலிசியையே ரத்து செய்யலாம். மிச்சப்படுத்தியது சில மாதப் பிரீமியம், இழப்பது முழுக் காரின் மதிப்பு. நீங்கள் முதலில் எழுதிய இரண்டு வார நோட்டு இங்கேயே பயன்படும். யார் அதிகம் ஓட்டுகிறார் என்பது அதில் இருக்கிறது.

அப்புறம் இவற்றைப் பாருங்கள்:

- கார் எந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுதியிருக்கிறது? சொந்தப் பயன்பாட்டுக்கு என்று எடுத்துவிட்டு ஒருவர் அதில் சரக்கு கொண்டுபோனாலோ வாடகைக்கு ஓட்டினாலோ பாலிசி செல்லாமல் போகலாம்.
- ஒவ்வொரு இழப்பீட்டிலும் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? ஓட்டுபவரைப் பொறுத்து அது மாறுகிறதா?
- இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி யார் பெயரில் சேர்கிறது? பல நிறுவனங்களில் அது பாலிசிதாரர் பெயரில் மட்டும்தான் சேரும். பத்து வருடம் கணவர் பெயரில் பாலிசி வைத்து நன்றாக ஓட்டிய மனைவி, தன் பெயரில் முதல் பாலிசி எடுக்கும்போது புதியவராகவே கணக்கிடப்படலாம். அதனால்தான் இரண்டு கார் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு பாலிசி இருப்பது நல்லது என்று நான் சொல்வேன். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் தள்ளுபடி தரும் நிறுவனம் இருந்தால், இரண்டு விலையையும் வாங்கி ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து லைசென்ஸ். இருவருடைய லைசென்ஸும் இரண்டு காருக்கும் பொருந்துமா? ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதியவர் கியர் கார் ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு சில நாடுகளில் உண்டு. கண்ணாடி அணிந்துதான் ஓட்ட வேண்டும் என்று லைசென்ஸில் குறித்திருந்தால் இரண்டு காரிலும் ஒரு மாற்றுக் கண்ணாடி வைத்துவிடுங்கள்.

பதிவுச் சான்றில் உள்ள பெயரும் முகவரியும் சரியா என்று பாருங்கள். வேகக் கேமரா அபராதம், சுங்கக் கட்டண பாக்கி, அரசு நோட்டீஸ் எல்லாம் பதிவு பெற்ற உரிமையாளருக்குத்தான் வரும், யார் ஓட்டியிருந்தாலும். பழைய முகவரியில் இருந்தால் பதில் சொல்ல வேண்டிய கெடு கடந்துவிடும். எங்களுக்கு ஒருமுறை அப்படி வந்த அபராதம், அவருடைய அப்பா வீட்டில் ஒன்றரை மாதம் பிரிக்காமல் கிடந்தது. பணம் கூடியதுதான் மிச்சம். தயாரிப்புக் குறைக்காக நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்தாலும் கடிதம் அதே முகவரிக்குத்தான் போகும். எழுத்தும் இலக்கமுமாக 17 இடம் கொண்ட வண்டியின் அடையாள எண்ணைப் பெரும்பாலான தயாரிப்பாளர்களின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், இலவசமாகச் சரிசெய்ய வேண்டியது ஏதும் பாக்கி இருக்கிறதா என்று தெரியும். அந்த எண் முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ இருக்கும். ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வராது, அதனால் வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம்தான்.

கடைசியாக, தேதிகள். இன்சூரன்ஸ், சாலை வரி, புகைப் பரிசோதனை, தகுதிச் சான்று, இருவரின் லைசென்ஸ்: இவற்றில் உங்கள் நாட்டில் எது உண்டோ அதன் முடிவு நாளை ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 30 நாள் முன்பும் 7 நாள் முன்பும் நினைவூட்டல் வையுங்கள், இருவர் மொபைலிலும். நிறுவனத்தின் நினைவூட்டல் ஒருவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும்தான் வரும். எங்கள் விஷயத்தில், அவர் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்ட பழைய மின்னஞ்சலுக்கு அது வந்துகொண்டிருந்தது.

காரில் எதை வைப்பது? சட்டம் கேட்பதை மட்டும். கடன் பத்திரம், மாற்றுச் சாவி எண், வண்டி வாங்கிய அசல் ரசீது இவையெல்லாம் வீட்டில் இருக்கட்டும். எல்லாவற்றையும் படம் எடுத்து இருவர் மொபைலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. சாவி

ஒவ்வொரு காருக்கும் இரண்டு சாவி இருந்தால் ஆளுக்கு ஒன்று. 'மாற்றுச் சாவி' என்று ஒன்றைப் பீரோவில் பூட்டி வைத்தால், ஒருவர் தன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியூர் போன நாளில் அந்தப் பீரோச் சாவியைத் தேடுவீர்கள். ஒரே சாவிதான் இருக்கிறது என்றால் அது தொலைவதற்கு முன்பே இன்னொன்று செய்துவிடுங்கள். பெரும்பாலான சாவிகளில் எஞ்சினைத் திறக்கும் சிப் இருக்கிறது. கையில் ஒரு சாவி இருக்கும்போது நகல் எடுப்பது எளிது. எல்லாம் தொலைந்தபின் செய்வது பல மடங்கு செலவு, நாளும் ஆகும்.

பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகைக் கார் என்றால் சாவியைக் காரிலிருந்து தள்ளியே வையுங்கள். வாசல் சுவரை ஒட்டி மாட்டி வைத்தால் சில கார்கள் சாவி அருகில் இருப்பதாக நினைத்துத் தூங்காமல் இருக்கும், பேட்டரி மெல்ல இறங்கும்.

5. இருக்கை, ஸ்டீயரிங், கண்ணாடிகள்

அவர் என்னைவிட ஓரடி உயரம். 'நான் வச்ச மாதிரியே ஏன் விடமாட்டேங்கிற?' என்பது அவர் புகார். கால் எட்டாமல் பாதி தூரம் போனபின் கண்ணாடி தப்பாக இருப்பதைக் கவனிப்பது என் பிரச்சினை. எங்கள் விதி: எடுப்பவர் சரிசெய்துகொள்ள வேண்டும், விட்டுப்போனவர் மேல் குறை சொல்லக் கூடாது. எஞ்சினைக் கிளப்பும் முன், எப்போதும் ஒரே வரிசையில்:

முதலில் இருக்கையை முன்பின் நகர்த்துங்கள். பிரேக்கையோ கிளட்சையோ முழுக்க மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். பிறகு உயரம், பிறகு சாய்வு. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் உங்கள் மார்புக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. குள்ளமானவர்கள் இதைக் கவனிக்காமல் ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்துவிடுகிறோம். இருக்கையைப் பின்னால் தள்ளக் கால் எட்டாவிட்டால், முதுகுச் சாய்வைச் சற்றுப் பின்னால் கொண்டுபோயும் ஸ்டீயரிங்கைச் சற்று இறக்கியும் அந்த இடைவெளியைப் பெறலாம். தலைசாய்ப்பின் மேல்விளிம்பு தலையின் உச்சி மட்டத்துக்கு வர வேண்டும். கழுத்தில் முட்டினால் பின்னாலிருந்து மோதும்போது அது காப்பாற்றாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கண்ணாடிகள். இருக்கை நகர்ந்தால் கண்ணாடிக் கோணமும் மாறும், அதனால் முதலில் கண்ணாடியைச் சரிசெய்வது வீண். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. இருக்கை நிலையை நினைவில் வைக்கும் பொத்தான் உங்கள் காரில் இருந்தால், உட்கார்ந்து அதைப் பதிந்துவிடுங்கள். எங்கள் சிறிய காரில் அது இல்லை. பின்கோடியிலிருந்து எத்தனை 'கிளிக்' முன்னால் வர வேண்டும் என்று எண்ணி வைத்திருக்கிறேன்.

ஓடும்போது இருக்கையை நகர்த்தவே கூடாது. பிடி விலகினால் இருக்கை பின்னால் சறுக்கும், பிரேக் கால் எட்டாது.

குழந்தை இருக்கையைக் காருக்குக் கார் மாற்றுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பெல்ட்டை இழுத்துப் பார்த்து இறுக்குங்கள். பின்பக்கம் பார்த்து உட்காரும் சிசு இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

6. நிறுத்தும்போது கார் எப்படி இருக்க வேண்டும்

எங்கள் வீட்டில் ஐந்து விஷயம்தான். சாவி மாட்டும் கொக்கிக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

டேங்கில் கால் பங்குக்குக் குறையக் கூடாது. நான் பாதி கேட்டேன், அவர் விளக்கு எரியும் வரை என்றார். கால் பங்கில் ஒத்துப்போனோம். நடு இரவில் கிளம்ப வேண்டி வந்தாலும் மருத்துவமனை போய்த் திரும்ப அது போதும். விளக்கு எரிய எரிய ஓட்டும் பழக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் எரிபொருள் பம்ப் டேங்குக்குள் மூழ்கி இருக்கிறது, அந்த எரிபொருளே அதைக் குளிர்விக்கிறது. அடிக்கடி வறண்டு ஓடினால் பம்ப் சூடாகிச் சீக்கிரம் போகும். மின்சாரக் கார் என்றால் லிட்டருக்குப் பதில் சதவீதத்தில் ஒரு குறைந்த அளவைப் பேசிக்கொள்ளுங்கள், யார் சொருக வேண்டும் என்பதையும் சேர்த்து.

மற்ற நான்கு: விளக்கு, வைப்பர், ஏ.சி. விசிறி எல்லாம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். குப்பையும் சாப்பாட்டு டப்பாவும் நிறுத்தியவர் கையோடு வீட்டுக்குள் வர வேண்டும். மடிக்கணினி போன்ற எதுவும் வெளியே தெரியக் கூடாது. ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். கியரில் நிறுத்துவதா நியூட்ரலில் நிறுத்துவதா என்பதை இருவரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கியர் கார் கியரில் நிற்பது தெரியாமல், கிளட்ச் மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் பல கார்கள் முன்னால் துள்ளும்.

ஒரு கார் பெட்ரோல், ஒரு கார் டீசல் என்று இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: டேங்க் மூடியின் உட்பக்கத்தில் எரிபொருளின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். பழக்கமில்லாத காரை எடுத்துப் போகும் நாளில்தான் தவறு நடக்கும். டீசல் காரில் பெட்ரோல் விழுந்துவிட்டால் எஞ்சினைக் கிளப்பாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். அப்படியே தள்ளி ஓரம்கட்டி டேங்கைக் காலி செய்யுங்கள். கிளப்பாமல் விட்டால் சுத்தம் செய்யும் செலவோடு போகும். கிளப்பிவிட்டால் டீசல் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் கெடலாம். டேங்க் மூடி எந்தப் பக்கம் என்ற குழப்பத்துக்கு, டேஷ்போர்டில் எரிபொருள் குறியீட்டின் அருகே உள்ள சிறிய முக்கோணத்தைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது காட்டும் பக்கம்தான் மூடி.

7. கார்களை மாற்றி ஓட்டுங்கள்

வாரம் ஒருமுறையாவது நீங்கள் அவர் காரையும் அவர் உங்கள் காரையும் எடுங்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை செய்கிறோம். இதனால் இரண்டு நன்மை.

குட்டி ஓட்டத்தால் வரும் கேட்டை இது சரிசெய்யும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் நின்றால், உள்ளே உண்டாகும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகாமல் ஆயிலில் கலந்து நிற்கும். கிளப்பும்போது செலவான மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பி வந்திருக்காது. அரை மணி நேரம் நல்ல சாலையில் ஓடினால் இரண்டும் சரியாகும். டீசல் காரில் புகைக்கரி வடிகட்டி இருந்தால் இது இன்னும் முக்கியம். தேங்கிய கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள அதற்குத் தொடர்ந்த ஓட்டமும் சூடும் வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும், அதை மாற்றுவது பெரிய செலவு. அதனால் டீசல் காரைக் குட்டி ஓட்டம் ஓடுகிறவருக்கு ஒதுக்காதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒரு சிறிய வோல்ட் மீட்டர் பெரிய உதவி. கார் சில மணி நேரம் நின்றபின், வழக்கமான 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 12.6 காட்டினால் முழுச் சார்ஜ். 12.2-க்கு வந்துவிட்டால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் போடுங்கள். வீட்டு வாசலில் நின்றபடி ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதால் அது நிறையாது. நாங்கள் பல மாதம் அப்படித்தான் செய்தோம்.

இரண்டாவது நன்மை, தினமும் ஓட்டுகிறவர் காதுக்குப் பழகிப்போன சத்தம் மற்றவர் காதில் உடனே விழும். சிறிய காரின் சக்கர பேரிங் உறுமலை அவர்தான் கண்டுபிடித்தார். எனக்கு அது சாலைச் சத்தமாகவே கேட்டது.

8. பணம்

மூன்று வகையாகப் பிரியுங்கள். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருவது: இன்சூரன்ஸ், வரி, கடன் தவணை. ஓடிய தூரத்துக்கு ஏற்ப வருவது: எரிபொருள், டயர், சர்வீஸ். எதிர்பாராமல் வருவது: அபராதம், கீறல், நசுங்கல்.

முதல் வகையை நாங்கள் வருமான விகிதத்தில் பகிர்கிறோம். இரண்டாவதை நோட்டில் உள்ள கிலோமீட்டர் விகிதத்தில் (அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் நோட்டை விடாமல் எழுதுகிறோம்). ஒரு மாதத்தில் ஒரு கார் 1,200 கி.மீ. ஓடி அதில் 900 அவருடையது என்றால் முக்கால் பங்கு அவருக்கு. டயர் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டி வரலாம் என்பதால் மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் மாற்ற வேண்டிய மாதத்தில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

வேகமாக ஓட்டுபவர் அதிக எரிபொருள் எரிக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் டேஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், டேங்கை முழுக்க நிரப்பி, மறுபடி முழுக்க நிரப்பும்போது ஏறிய லிட்டரைக் கொண்டு ஓடிய தூரத்தை வகுத்துப் பாருங்கள். ஒரே கார், ஒரே வகைச் சாலை என்றால்தான் ஒப்பீடு நியாயம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 90-இல் போவதற்கும் 110-இல் போவதற்கும் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இந்தக் கணக்கை நோட்டில் பார்த்தபிறகுதான் அவர் தானாகவே வேகத்தைக் குறைத்தார். அதுவரை நான் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது வகையில் அபராதத்தை ஓட்டியவர் கட்ட வேண்டும். தேதியும் நேரமும் நோட்டில் இருப்பதால் வாக்குவாதம் வராது. ஆனால் கீறலுக்கும் நசுங்கலுக்கும் யாரிடமும் தனியாகப் பணம் கேட்காதீர்கள், பொதுப் பணத்திலிருந்து செய்யுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் இடித்தவர் கட்ட வேண்டும் என்று வைத்திருந்தோம். பின் பம்பரில் ஏற்பட்ட விரிசலை நான் இரண்டு வாரம் சொல்லவில்லை. இன்சூரன்ஸுக்கு உடனே தெரிவிக்க வேண்டிய காலம் அதற்குள் போய்விட்டது. எங்கள் வீட்டில் இப்போது உள்ள விதி, எது நடந்தாலும் அன்றைக்கே படம் எடுத்து மற்றவருக்கு அனுப்புவது, பதிலாக 'உனக்கு ஒண்ணும் ஆகலையே?' என்பது மட்டும்தான் வர வேண்டும்.

9. ஓட்டும் விதத்தைப் பற்றிப் பேச வேண்டி வந்தால்

பேரம் பேசவே முடியாதவை சில உண்டு: சீட் பெல்ட், ஓட்டும்போது மொபைல், குடித்துவிட்டு ஓட்டுவது, தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவது. இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் காருக்குள் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும் எதுவும் அந்த நேரத்தில் காதில் ஏறாது, கவனமும் சிதறும். மறுநாள், வீட்டில்.

கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டுவது, எஞ்சின் சூடாவதற்குள் முறுக்குவது போன்ற இயந்திரக் கேடுகளை மெக்கானிக் வாயால் கேட்க வைத்தால் நல்லது. சர்வீஸுக்குப் பொறுப்பாளர் தனியாகப் போகாமல் வருடத்தில் ஒருமுறையாவது இருவரும் போங்கள்.

10. மாதம் இருபது நிமிடம்

மாத முதல் ஞாயிறு காலை, கார்கள் ஓடுவதற்கு முன்பு.

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள அட்டையில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பாதீர்கள். மாதத்துக்குச் சுமார் 1 பி.எஸ்.ஐ. தானாகவே இறங்கும். ஸ்பேர் டயரையும் சேர்த்துப் பாருங்கள். டயரின் வயது பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும்: 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

சமதளத்தில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து ஆயில் கம்பியைப் பாருங்கள். கூலன்ட், கண்ணாடி கழுவும் நீர், எல்லா விளக்குகளும். நோட்டைக் கூட்டி மாதக் கணக்கை முடியுங்கள். அவ்வளவுதான்.

சர்வீஸ் தேதியில் பலரும் தவறுவது, கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது. கிலோமீட்டரோ மாதமோ, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடும் காருக்கு மாதம் முதலில் வரும். பல கையேடுகளில் குட்டி ஓட்டம் ஓடும் கார்களுக்குத் தனியாக, இன்னும் குறுகிய இடைவெளி கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எதற்கான விளக்கு என்று பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் வீடு வந்து பொறுப்பாளரிடம் சொல்லலாம், ஆனால் அன்றைக்கே. அது மினுக்கும் எஞ்சின் விளக்காக இருந்தால் உடனே மெதுவாக்கி ஓரம்கட்டுங்கள்.

11. ஒருவர் வெளியூரில் இருக்கும்போது

ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் இரண்டு காரையும் தனியாகச் சமாளிக்க வேண்டும். அதனால் ஒரு விடுமுறை நாளில் இருவரும் ஆளுக்கொரு முறை டயர் மாற்றிப் பாருங்கள்: ஜாக் எங்கே வைப்பது, நட்டை எந்தப் பக்கம் திருப்புவது, ஸ்பேர் டயர் எப்படிக் கழல்கிறது. ஸ்பேர் டயருக்குப் பதில் பஞ்சரை ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் கருவியும் மட்டும் தரும் கார்கள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று திறந்து பாருங்கள். சாலையோர உதவி எண்ணும் பாலிசி எண்ணும் இருவர் மொபைலிலும் இருக்கட்டும்.

சக்கரத் திருட்டைத் தடுக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு மட்டும் வித்தியாசமாக இருக்கும் கார்கள் உண்டு. அதைக் கழற்ற விரலளவு ஒரு தனி அடாப்டர் வேண்டும். ஒரு மழை மாலையில் சிறிய கார் பஞ்சரானது. ஜாக் இருந்தது, ஸ்பேனர் இருந்தது, மூன்று நட்டு கழன்றது. அந்த அடாப்டர் அவர் எடுத்துப்போன பெரிய காரின் டிக்கியில், 280 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சர்வீஸுக்குப் பிறகு மெக்கானிக் திருப்பிக் கொடுத்த சாமான்களை அவர் மொத்தமாக அங்கே போட்டு வைத்திருந்தார். இப்போது அது சிறிய காரின் ஸ்பேர் டயருக்கு நடுவில், சிவப்புத் துணியில் சுற்றிக் கட்டி இருக்கிறது. உங்கள் காருக்கும் அப்படி ஒன்று உண்டா, எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள்.